ஜப்பானியத் திகில் மங்காப் படங்கள்: புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய 'டோமியே' டிவிடி ஜப்பானிலிருந்து வந்துசேர ஏழு வாரம் ஆனது. சுங்கத்தையும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் செலவு. உறையைப் பிரித்து லேப்டாப்பில் போட்டேன், ரீஜன் (எந்த நாடுகளில் டிஸ்க் ஓடும் என்ற பூட்டு) பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டது. அதைச் சரிசெய்து படம் ஓட ஆரம்பித்ததும் சப்டைட்டிலைத் தேடினேன். இருந்தது, ஆனால் ஜப்பானிய எழுத்தில். அன்று இரவு வசனம் புரியாமலேயே படத்தைக் கடைசிவரை பார்த்தேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் இந்த வகைப் படங்களை எப்படித் தேடுவது, எந்த வரிசையில் பார்ப்பது, டிஸ்க் வாங்கும்போது எங்கெல்லாம் பணம் போகும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. இதே ஆசையோடு வருகிறவர்கள் மறுபடி அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, எப்படிப் பிறந்தது என்ற கதைக்குள் போகவில்லை. இன்று ஆரம்பித்தால் என்ன செய்ய வேண்டுமோ அது மட்டும்.

1. எது மங்காவிலிருந்து வந்த படம் என்று முதலில் தெளியுங்கள்

'ஜப்பானியத் திகில்' என்றதும் எல்லோரும் சொல்கிற இரண்டு படங்கள் 'ரிங்கு', 'ஜு-ஆன்'. இரண்டுமே மங்காவிலிருந்து வந்தவை அல்ல. ரிங்கு கோஜி சுஸுகி 1991இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. ஜு-ஆன் தகாஷி ஷிமிஸு நேரடியாக வீடியோவுக்கு எடுத்ததில் தொடங்கியது. இவற்றின் மங்காப் புத்தகங்களைக் கடையில் பார்த்து, இதுதான் மூலம் என்று வாங்கிவிடாதீர்கள். அவை படத்தையோ நாவலையோ பார்த்து வரைந்தவை.

மங்காவை மூலமாகக் கொண்ட திகில் படங்களில் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜுன்ஜி இட்டோ: 'டோமியே', 'உஸுமாகி', 'க்யோ' வரைந்தவர். பல்மருத்துவத் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டே 1987இல் டோமியேவோடு அறிமுகமானார். இன்னொருவர் அவருக்கு முந்தைய தலைமுறை, கஸுவோ உமேஸு: 'தி ட்ரிஃப்டிங் கிளாஸ்ரூம்', 'ஒரோச்சி' வரைந்தவர். 2024 அக்டோபரில், 88 வயதில் காலமானார். இந்த இருவரின் படங்களைப் பார்த்து முடித்தாலே பல மாதம் ஓடிவிடும். ஹிதோஷி இவாக்கியின் 'கிசெய்ஜு', அதாவது ஆங்கிலத்தில் 'பாரசைட்', மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

2. தலைப்பு, வருடம், இயக்குநர் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்

பெயர்க் குழப்பத்தில்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

'பாரசைட்' என்று தேடினால் உங்களுக்கு முதலில் கிடைப்பது 2019இல் வந்து ஆஸ்கர் வாங்கிய கொரியப் படம். அதற்கும் இந்த மங்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலத்தில் மங்காவின் பெயரில் ஓர் எழுத்து வேறு: 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'ஒய்' வரும். தேடுபொறி அதைத் தானாகத் திருத்திவிடும், கவனியுங்கள். நீங்கள் தேட வேண்டியது தகாஷி யாமாஸாகி இயக்கி 2014இலும் 2015இலும் வந்த இரண்டு பாகங்கள். அதே மங்காவின் உலகத்தில் 2024இல் நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட்ட 'பாரசைட்: தி கிரே' கொரியத் தொடர். அதில் கதையும் ஆட்களும் வேறு.

'உஸுமாகி' என்றால் 2000இல் ஹிகுச்சின்ஸ்கி இயக்கிய படமும் உண்டு, 2024இல் வந்த நான்கு பாகக் கறுப்பு-வெள்ளை அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரும் உண்டு. 'டெத் நோட்' என்றால் 2006 ஜப்பானியப் படமா, 2017 அமெரிக்கப் படமா என்று பார்க்க வேண்டும்.

டோமியே இன்னும் சிக்கல். 1999 முதல் 2011 வரை ஒன்பது படம் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பெயர் டோமியேதான், பின்னால் ஒரு துணைத்தலைப்பு மட்டும் மாறும். எனக்குப் பயன்பட்ட வழி இது: படத்தின் ஜப்பானியத் தலைப்பை அப்படியே நகலெடுத்து, வருடத்தோடு சேர்த்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். எழுத்து உங்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

3. ஒரு கதை, ஒரு படம் என்று ஜோடியாகப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் மூன்றாவது படத்திலேயே சலிப்பு வந்துவிடும். மெதுவாக நகரும், சிக்கனமாக எடுத்தது தெரியும், பயமும் அவ்வளவு இல்லையே என்று தோன்றும். மூலக்கதையை முதலில் படித்துவிட்டு அன்றோ மறுநாளோ படத்தைப் பார்த்தால் விஷயமே வேறு. எது காகிதத்தில் மட்டும் முடியும், அதற்குப் பதிலாக இயக்குநர் என்ன கண்டுபிடித்தார் என்று கண் தேட ஆரம்பித்துவிடும்.

உஸுமாகியில் ஆரம்பியுங்கள். சுருள் வடிவம் ஓர் ஊரையே பிடித்து ஆட்டுகிற கதை. மங்காவின் ஆரம்பத்தில் கதாநாயகியின் காதலன் ஷுயிச்சியின் அப்பா ஒரு சந்தில் குந்தி உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருக்கும் நத்தையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். படத்தில் அதே இடத்தில் அவர் கையில் வீடியோ கேமரா இருக்கும். நத்தை ஓட்டுக்கு மிகப் பக்கத்தில் லென்ஸை வைத்துப் படம்பிடித்துக்கொண்டிருப்பார். இந்தச் சின்ன மாற்றத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவருடைய முடிவு வரும். மங்காவில் வட்டமான மரத்தொட்டிக்குள் அவர் உடலே சுருளாக வளைந்து கிடக்கும். கருங்கோடுகளால் பக்கம் முழுக்க வரைந்த அந்தப் படத்தை, பார்த்தவர் மறக்க முடியாது. 2000இல் அதை நடிகரை வைத்து எடுப்பது எப்படி? படத்தில் தொட்டி இருந்த இடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் வருகிறது. மரத்தொட்டி தன் உருவத்தால் செய்ததை, சுற்றுகிற இயந்திரம் தன் அசைவால் செய்கிறது. மங்காவைப் படிக்காதவருக்கு இது ஒரு விநோதக் காட்சி, அவ்வளவுதான். படித்தவருக்கு அந்த இடத்தில் ஒரு இயக்குநர் மூளையைக் கசக்கியது தெரியும்.

படத்தின் முடிவு மங்காவின் முடிவு அல்ல. மங்கா முடிவதற்கு முன்பே படத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே படத்தைப் பார்த்துவிட்டு 'கதை தெரிந்துவிட்டதே' என்று புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கு புத்தகத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது ஜோடி டோமியே. ஒன்பது படத்தையும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, அநேகமாக ஒவ்வொன்றும் தனிக்கதை. என் வரிசை: அதாரு ஓய்காவா இயக்கிய முதல் படம், பிறகு ஷிமிஸு 2001இல் இயக்கிய 'ரீ-பர்த்', பிறகு ஷுன் நகாஹரா 2002இல் இயக்கிய 'ஃபர்பிடன் ஃப்ரூட்'. 2005இல் வந்த 'பிகினிங்' முதல் படத்துக்கு முந்தைய கதை. பெயரைப் பார்த்து அதிலிருந்து ஆரம்பித்தால் முதல் படத்தின் ரகசியமெல்லாம் முன்னாலேயே உடைந்துவிடும். வெளியான வரிசையிலேயே பாருங்கள்.

முதல் படத்துக்கு முன் மங்காவின் முதல் அத்தியாயத்தையும், த்சுகிகோ என்ற பெண் புகைப்படம் எடுக்கிற அத்தியாயத்தையும் படித்தால் போதும். மங்காவில் டோமியேவின் முகம் எடுத்த எடுப்பிலேயே முழுசாகத் தெரியும்: நீளக் கூந்தல், இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். அந்த அழகைப் பார்த்து ஆண்கள் புத்தி பேதலித்து அவளைக் கொல்வதும் அவள் திரும்ப வருவதும்தான் கதை. படத்தில் டோமியேவாக நடித்த மிஹோ கன்னோவின் முகத்தை வெகுநேரம் காட்டவே மாட்டார்கள். முதுகு தெரியும், கூந்தல் தெரியும், குரல் கேட்கும். வரைந்த முகத்துக்கு ஈடாக எந்த நடிகையின் முகத்தைக் காட்டினாலும் 'இவ்வளவுதானா' என்று பார்ப்பவருக்குத் தோன்றும் அபாயம் உண்டு. மறைத்துவைத்தது அதனால்தான் என்பது என் எண்ணம், அது சரியான முடிவும்கூட. 'ஃபர்பிடன் ஃப்ரூட்' எனக்கு இந்த வரிசையிலேயே மிகப் பிடித்தது. ஒரு மனிதர் இளம் வயதில் காதலித்த டோமியேவை மறக்க முடியாமல் தன் மகளுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார். அந்த மகளைத் தேடிப் பழைய டோமியே வருகிறாள். மகளாக அவோய் மியாஸாகி. வயதே ஏறாமல் வந்து நிற்கும் பழைய காதலிக்கு முன்னால் ஒரு தகப்பன் எப்படிச் சின்னவனாகிப் போகிறான் என்பதை ரத்தத்தைவிட முகங்களைக் கொண்டே காட்டுகிற படம்.

மூன்றாவது ஜோடி பாரசைட். ஆங்கிலத்தில் எட்டுத் தொகுதி, இரண்டு படம். மங்காவில் கதாநாயகன் ஷினிச்சிக்கு அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. படத்தில் அப்பா கிடையாது, அம்மாவும் பையனும் மட்டும்தான். முதல் பாகத்தின் கனம் முழுவதும் அந்த ஒரு நீக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் படம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று நானும் யோசித்ததுண்டு. 2005இல் அமெரிக்காவின் நியூ லைன் சினிமா உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு படம் எடுக்கவே இல்லை. அந்த ஒப்பந்தம் 2013இல் முடிந்த பிறகுதான் ஜப்பானிலேயே எடுக்க வழி பிறந்தது.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்குச் சிறுகதை ஜோடிகள்: இட்டோவின் 'லாங் ட்ரீம்' கதையை ஹிகுச்சின்ஸ்கியே 2000இல் தொலைக்காட்சிக்காக ஒரு மணி நேரப் படமாக எடுத்தார். வைக்கோல் பொம்மைக் கதையை நோரியோ த்சுருதா 2001இல் 'ககாஷி' என்று எடுத்தார். அதே த்சுருதாதான் 2008இல் உமேஸுவின் 'ஒரோச்சி'யையும் எடுத்தவர்.

உமேஸுவின் 'ட்ரிஃப்டிங் கிளாஸ்ரூம்' ஜோடியைக் கடைசிக்கு வையுங்கள். நொபுஹிகோ ஒபாயாஷி 1987இல் எடுத்த படம், மங்காவின் சாதாரணத் தொடக்கப்பள்ளியைக் கோபே நகரத்துச் சர்வதேசப் பள்ளியாக மாற்றிவிட்டது. மங்காவின் இறுக்கத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஒபாயாஷி மேல் பிரியம் வந்த பிறகு பார்க்கலாம்.

4. மங்காவை எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது

வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். தெரியாமல் போவது இன்னொன்று. இட்டோவின் பெரிய அதிர்ச்சிகள் பெரும்பாலும் பக்கத்தைத் திருப்பியதும் வரும்படி வைக்கப்பட்டிருக்கும். இடப்பக்கக் கடைசிக் கட்டத்தில் யாராவது கதவைத் திறப்பார்கள். பக்கத்தைப் புரட்டுகிற உங்கள் விரல்தான் உண்மையில் கதவைத் திறக்கிறது. போனில் ஒற்றைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். முடிந்தால் காகிதத்தில் படியுங்கள். முடியாவிட்டால் டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் வைத்து இரண்டு பக்கம் சேர்ந்து தெரியும்படி படியுங்கள்.

விஸ் மீடியா வெளியிட்ட ஆங்கிலப் பதிப்புகள் இந்தியாவிலேயே விற்கின்றன. உஸுமாகி மூன்று தொகுதியும் ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாக, 648 பக்கம். டோமியேவும் ஒரே புத்தகம்தான், இன்னும் தடிமன். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். நான் ஒன்றை விருப்பப் பட்டியலில் போட்டுவைத்து ஒன்றரை மாதம் பொறுத்ததில் முந்நூறு ரூபாய் குறைந்தது. அச்சு மங்கிய, தாள் மெலிந்த போலிப் பதிப்புகளும் சந்தையில் உண்டு. பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கோடுகள்தான் இந்தக் கதைகளின் உயிர், போலி அச்சில் அவை கறுப்புத் திட்டாகிவிடும்.

5. உங்களுக்குத் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்

ஜப்பானில் படங்களுக்கு ஜி, பிஜி12, ஆர்15+, ஆர்18+ என்று நான்கு வகைச் சான்று. ஆர்15+ என்று இருந்தாலே வெட்டு, குத்து, சிதைவு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். டோமியே கதை முழுக்க ஒரு பெண்ணைக் கொன்று துண்டாக்குவதும் அவள் திரும்ப வருவதும்தான். வீட்டில் சின்னவர்கள் இருந்தால் கூடத்தில் போட்டுப் பார்க்கிற விஷயம் இல்லை.

'கினி பிக்' என்ற கோரப் பட வரிசையையும் சுயெஹிரோ மருவோவின் மங்காவிலிருந்து வந்த 'மிதோரி'யையும் பட்டியல்களில் 'கட்டாயம் பார்க்க வேண்டியவை' என்று போட்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் விட்டுவிடுங்கள். மிதோரியில் ஒரு சிறுமி மேல் நடக்கும் கொடுமைகளைப் பார்த்துவிட்டு நான் இரண்டு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. அது போக, ஆபாசம் என்று கருதப்படும் பொருளை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. அப்படிப்பட்ட உறை உள்ள டிஸ்க் சுங்கத்தில் நின்றுபோனால் பணம் போனதுதான்.

6. டிஸ்க் வாங்கும் முன் சந்தாவில் இருப்பதை முடியுங்கள்

நெட்ஃப்ளிக்ஸ் தன் பெயரிலேயே வெளியிட்டவை அவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை. ஷிமிஸு இயக்கிய 'ஹோமுங்குலஸ்' (2021), 'ஸோம் 100' (2023), இட்டோவின் கதைகளை வைத்து வந்த 'ஜுன்ஜி இட்டோ மேனியாக்' (2023, பன்னிரண்டு பகுதி), மேலே சொன்ன 'பாரசைட்: தி கிரே' எல்லாம் இந்த வகை. ஒரு மாதச் சந்தாவில் முடித்துவிடலாம். பழைய படங்கள் ஒவ்வொரு தளத்திலும் சில மாதம் இருக்கும், திடீரென்று போய்விடும். கண்ணில் பட்டால் தள்ளிப் போடாதீர்கள்.

விபிஎன் போட்டு வேறு நாட்டுக் கணக்கில் பார்க்கலாம் என்று சொல்வார்கள். தளங்களின் விதிமுறைக்கு எதிரானது, கணக்கு முடங்கலாம். அதை நம்பி ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள்.

7. டிஸ்க் வாங்குவதற்கு முன் நான்கு விஷயத்தை உறுதி செய்யுங்கள்

முதலாவது ரீஜன். டிவிடியில் ஜப்பான் 2, இந்தியா 5, அமெரிக்கா 1. ப்ளூ-ரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு இங்கே வசதி, அவர்களுடைய ப்ளூ-ரேயும் ஏ என்பதால் ஜப்பானிய டிஸ்க் அப்படியே ஓடும். இந்தியாவில் வாங்கிய பிளேயரில் ஓடாது. கணினியின் டிவிடி டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் மொத்தம் ஐந்து தடவைதான். ஐந்தாவது மாற்றத்தோடு அது பூட்டிக்கொள்ளும். நான் விளையாட்டாக மூன்று தடவையை ஒரே மாலையில் வீணாக்கினேன். இதற்கென்றே ஒரு பழைய வெளி டிரைவை வாங்கி 2இல் நிறுத்தி வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது சப்டைட்டில். ஜப்பானிய விற்பனைப் பக்கத்தில் 'ஜிமாக்கு' என்ற வரியைப் பாருங்கள், அதுதான் சப்டைட்டில். அது இருப்பதால் ஆங்கிலம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. காது கேளாதவர்களுக்காக ஜப்பானிய மொழியிலேயே எழுத்து போட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியால் அந்த வரியைப் படம்பிடித்து, எந்த மொழி என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ஆங்கில சப்டைட்டில் வேண்டும் என்றால் அமெரிக்க, பிரிட்டன் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உமேஸுவின் பாம்புப் பெண் கதையிலிருந்து 1968இல் தைய்யே நிறுவனம் எடுத்த படத்தை ஆரோ வீடியோ 2021இல் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. இப்படிப்பட்ட பதிப்பு ஒன்று இருந்தால் ஜப்பானிய டிஸ்க் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது 'ரென்டரு ஓச்சி'. ஜப்பானிய வாடகைக் கடைகளிலிருந்து கழித்துவிடப்பட்ட டிஸ்க்குக்கு அங்கே இதுதான் பெயர். பழைய திகில் படங்களில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். உறை மேல் கடையின் ஒட்டுத்தாள் இருக்கும், அசல் பெட்டி இருக்காது, டிஸ்க்கில் கீறல் இருக்கும், கூடுதல் காட்சிகளும் இருக்காது. படம் பார்த்தால் போதும் என்பவர் தாராளமாக வாங்கலாம். சேகரிக்க நினைப்பவர் 'செல்-பன்', அதாவது விற்பனைப் பதிப்பு, என்று போட்டிருப்பதைத் தேட வேண்டும்.

நான்காவது டிவி. டிவிடியில் படத்தைப் பதியும் முறை ஜப்பானில் என்டிஎஸ்சி (NTSC), இந்தியாவில் பால் (PAL). இப்போதைய எல்இடி டிவிகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பழைய பெட்டி டிவி வைத்திருப்பவர்கள் மட்டும் யோசியுங்கள்.

8. ஆவணங்கள், முக்கியமாக உங்கள் பெயர்

ஜப்பானில் பழைய டிஸ்க் விற்கும் பலர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். உங்களுக்காக அங்கே வாங்கி, தங்கள் கிடங்கில் வைத்து, இங்கே அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் இருக்கின்றன. அதில் கணக்குத் தொடங்கும்போதுதான் நான் மாட்டிக்கொண்டேன்.

படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? அப்பா பெயரை முழுசாகக் கடைசிக் கட்டத்தில் போட்டேன். என் ஆதாரில் இருப்பது என் பெயரும் ஓர் இனிஷியலும். பார்சல் சென்னைக்கு வந்ததும் கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பியது. ஆதாரைப் பதிவேற்றினேன், பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. பான் அட்டையைக் கொடுத்தேன், அதில் அப்பா பெயர் தனி வரியில் இருந்ததால் ஒருவழியாக ஏற்றார்கள். அதற்குள் ஒன்பது நாள். கிடங்கு வாடகை வேறு தனியாகக் கேட்டார்கள்.

ஆகவே ஆதாரில் எப்படி இருக்கிறதோ, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட, அப்படியே முகவரியிலும் வரவேண்டும். கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை மட்டும் போடுங்கள். ஓரெழுத்தை ஏற்க மறுக்கிற படிவத்தில், உங்கள் பாஸ்போர்ட்டில் எப்படிப் பிரித்திருக்கிறதோ அப்படிப் போட்டுவிட்டு, சான்றாகப் பாஸ்போர்ட்டையே கொடுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆதார் அல்லது பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையின் தெளிவான படம், பான் அட்டை, பணம் கட்டிய ரசீது, பொருள் என்ன, விலை என்ன என்று காட்டும் விற்பனைப் பக்கத்தின் பிடிஎஃப். இந்தக் கடைசி ஒன்றை ஆர்டர் செய்த அன்றே எடுத்துவையுங்கள். விற்றுப்போனதும் சில தளங்களில் பக்கமே காணாமல் போய்விடும். விலையைக் குறைத்துக் காட்டும்படி விற்பவரிடம் கேட்காதீர்கள். மாட்டினால் அபராதம் உங்களுக்குத்தான். தொலைந்துபோனால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

9. செலவை டிஸ்க் விலையை வைத்துப் போடாதீர்கள்

என் இரண்டாவது ஆர்டரின் கணக்கைச் சொல்கிறேன். டிஸ்க் 2,200 யென். ஜப்பானுக்குள் கிடங்குவரை அனுப்ப 210 யென். இடைத்தரகுக் கட்டணம் 300 யென். இந்தியாவுக்கு அனுப்ப 1,900 யென். ஆக 4,610 யென், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,650 ரூபாய். வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி போட்ட மார்க்கப்பும் அதன் ஜிஎஸ்டியும் நூறு ரூபாய்க்குப் பக்கம். சுங்கமும் கூரியரின் கையாளும் கட்டணமும் சேர்ந்து சுமார் 1,400. மொத்தத்தில் நாலாயிரத்து நூற்றுச் சொச்சம். டிஸ்க் விலை இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான்: சுங்கவரி டிஸ்க் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடப்படுகிறது. வேகமான, விலை கூடிய கூரியரைத் தேர்ந்தெடுத்தால் வரியும் கூடவே ஏறும். கையாளும் கட்டணம் பார்சலுக்கு ஒன்று என்பதால் மூன்று நான்கு டிஸ்க்கைச் சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்பச் சொல்வது நல்லது. அதற்காக இருபது டிஸ்க்கைச் சேர்க்காதீர்கள். சொந்த உபயோகமா, வியாபாரமா என்ற கேள்வி வந்துவிடும்.

டெபிட், கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே இயக்கி வைக்க வேண்டும். பலருக்கு அது அணைந்தே இருக்கும். ஏலத்தில் கடைசி நிமிடத்தில் பணம் போகாமல் நின்றால் படம் அடுத்தவருக்கு.

10. எத்தனை நாள் ஆகும்

விற்பவரிடமிருந்து கிடங்குக்கு மூன்று முதல் ஐந்து நாள். பெட்டிகளைச் சேர்த்துக் கட்ட இரண்டு நாள். விமானத் தபாலில் ஒன்று முதல் இரண்டு வாரம், கப்பல் தபாலில் இரண்டு மூன்று மாதம். சுங்கத்தில் சான்று எல்லாம் சரியாக இருந்தால் நான்கைந்து நாள். தபாலில் வந்தால் வெளிநாட்டுத் தபால் அலுவலகத்தில் வரி போட்டு, வீட்டுக்குக் கொண்டுவருகிற தபால்காரரே அதை வசூலிப்பார். சில்லறையோடு இருங்கள்.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, டிசம்பர் 29லிருந்து ஜனவரி 3: இந்த மூன்று காலத்திலும் ஜப்பானில் விடுமுறை. கிடங்கு மூடியிருக்கும், ஆனால் இலவசமாக வைத்திருக்கும் நாட்கணக்கு சில இடங்களில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு முந்தைய வாரம் ஆர்டர் போடாதீர்கள்.

காத்திருக்கும் நாட்களில் அந்தப் படத்தின் மூலக்கதையைப் படித்து முடித்துவிடுங்கள். எனக்கு 'ககாஷி' வந்துசேர்ந்தபோது கதையை நான்கு தடவை படித்திருந்தேன்.

11. பெட்டி வந்ததும்

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். முகவரிச் சீட்டு தெரியும்படி ஆரம்பித்து, டிஸ்க்கை வெளியே எடுக்கும்வரை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாகப் பிடியுங்கள். உடைந்தோ மாறியோ வந்தால் இது இல்லாமல் யாரும் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. டிஸ்க்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கீறல் பாருங்கள். அன்றே கணினியில் போட்டு, ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரே அடுக்கில் பதிந்த பழைய டிவிடியில் கோளாறு பெரும்பாலும் கடைசி இருபது நிமிடத்தில்தான் இருக்கும், ஏனென்றால் படம் டிஸ்க்கின் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பில் முடிகிறது. கைபட்டுக் கீறுவதும் அந்த விளிம்புதான். கடைசி இடத்தைச் சோதிக்கும்போது ஒலியை அணைத்து, திரையைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்யாமல் 'ரீ-பர்த்' முடிவை முன்னாலேயே பார்த்துவிட்டேன்.